ஏழை நாடுகளும் புயல் எச்சரிக்கையும்

புயலைத் தடுத்து நிறுத்தும் வல்லமை எந்த சர்க்காருக்கும் இல்லை. இதை யாவரும் அறிவர். ஆனால் இந்த உண்மையைத் தங்களுக்கு ஒரு கேடயமாகப் பிடித்துக்கொண்டு, புயலினாலும் வெள்ளத்தினாலும் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் விதியின் கணக்கில் எழுதிவிடுவது அதிகார வர்க்கத்தினருக்கு நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. இயற்கையே கொல்கிறதென்றால் அது பாரபட்சமின்றி எல்லோரையும் அல்லவா கொல்ல வேண்டும்? உலக வானிலை ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது. 1970 முதல் 2019 வரை ஐம்பது வருஷங்களில் காற்று, மழை, வெள்ளம், வறட்சி முதலியவற்றால் நேர்ந்த 11,000-க்கு மேற்பட்ட பேரிடர்களில் சுமார் 20 லக்ஷம் பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 91 பேர் வளர்ந்துவரும் நாடுகளின் பிரஜைகள். காற்றுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது. அந்த பேதத்தை உண்டாக்குவது மனிதர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடும், செய்யாமல் விட்டிருக்கும் ஏற்பாடுமே ஆகும்.

அதே கணக்கில் ஆறுதல் தரும் செய்தியும் ஒன்று உண்டு. அந்த ஐம்பது வருஷங்களில் இத்தகைய இடர்களின் எண்ணிக்கை ஐந்து மடங்கு பெருகியது. ஆயினும் 1970-களில் ஆண்டுக்கு 50,000-க்கு மேலிருந்த பிராணச் சேதம், 2010-களில் 20,000-க்குக் கீழே இறங்கிற்று. கடல் அடங்கியதாலோ மேகம் இரங்கியதாலோ இது நிகழவில்லை. முன்கூட்டி அறிந்து, முன்கூட்டிச் சொல்லி, முன்கூட்டி ஜனங்களை அப்புறப்படுத்தியதால் நிகழ்ந்தது. ஆகவே எச்சரிக்கை என்பது சர்க்கார் விருப்பப்பட்டால் செய்யும் உபகாரம் அன்று. பிரஜைகளின் உயிரைக் காப்பது எவ்வளவு கடமையோ அவ்வளவு கடமை என்பதே நமது கட்சி.

இதற்குச் சான்று தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நமது வங்கக் கடலே சாக்ஷி கூறும்.

1970 நவம்பர் 12-ந் தேதி இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த பிரதேசத்தின் போலாத் தீவிலும் அதைச் சூழ்ந்த கழிமுகத் தீவுகளிலும் கடல் ஏறிற்று. மாண்டவர்கள் மூன்று லக்ஷம் என்பாரும் உண்டு. ஐந்து லக்ஷம் என்பாரும் உண்டு. இறந்தோரைச் சரிவர எண்ணுவதற்குக்கூட இயலாத நிலைமை இருந்ததென்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். புயல் வருவது தெரியாமலில்லை. வானொலியிலும் செய்தி சொல்லப்பட்டது. ஆனால் கேட்டவன் எங்கே ஓடுவான்? மேடு இல்லை, கல் கட்டிடம் இல்லை, அழைத்துச் செல்ல ஆள் இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த இஸ்லாமாபாத் ஆட்சியாளர் உதவி அனுப்புவதிலும் மெத்தனம் காட்டினர். அடுத்த மாதமே நடந்த தேர்தலில் வங்காள ஜனங்கள் தங்கள் தீர்ப்பைக் கூறினார்கள். அதற்கடுத்த வருஷம் பங்களாதேசம் என்ற புதிய தேசமே பிறந்தது. புயல் எச்சரிக்கை சாஸ்திரிகளின் விவகாரம், அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவோர் இந்தச் சரித்திரத்தைச் சற்றுப் படித்துப் பார்ப்பார்களாக.

புதிய தேசம் பரம ஏழையாகப் பிறந்தது. ஆயினும் 1972-லேயே செஞ்சிலுவைச் சங்கத்தாருடன் சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன் மூலதனம் கிராமத்துத் தொண்டர்களே. கொடி ஏற்றுவதும், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு வீதி வீதியாய்ப் போய்ச் சொல்வதும், வயோதிகரைக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்வதும் அவர்கள் வேலை. வெற்றி உடனே கிட்டிவிடவில்லை. 1991 ஏப்ரலில் அடித்த புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை கிடைத்தும், ஓடிப் புகுவதற்குப் போதிய புகலிடங்கள் இல்லாமையே அதற்குப் பெரிய காரணம். மாண்டோரில் பெண்கள் மிகுதி. வீட்டையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் விட்டுப் போக மாட்டாமலும், அந்நிய ஆடவர் நெருங்கி நிற்கும் இடத்தில் புக மனம் ஒப்பாமலும் அவர்கள் தங்கிவிட்டனர். இதைக் கண்டு பங்களாதேசத்தார் சோர்ந்து உட்காரவில்லை. புகலிடங்களைப் பெருக்கினார்கள், பெண்களுக்குத் தனி இடம் வகுத்தார்கள், தொண்டர் படையில் பெண்களைச் சேர்த்தார்கள். இன்று அப்படையில் ஏறக்குறைய 76,000 பேர் உளர்; அவர்களில் பாதிப்பேர் பெண்கள். பயன் என்னவென்றால், 2007 நவம்பரில் வந்த சிட்ர் புயலில் இறந்தோர் சுமார் 3,400. 2020 மே மாதத்தில், தொற்றுநோய் பரவியிருந்த காலத்திலேயே வந்த ஆம்பன் புயலுக்கு முன்னதாக 24 லக்ஷம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். அந்நாட்டில் இறந்தோர் முப்பதுக்குள் அடங்கினர். ஐந்து லக்ஷம் எங்கே, முப்பது எங்கே! ஒவ்வொரு புயலும் ஒரே வலிமையுடையதன்று என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காற்றின் பேரில் மட்டும் ஏற்றிச் சொல்ல முடியாது.

இதே கடலின் மறு கரையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2008 மே மாதம் 2-ந் தேதி நர்கீஸ் புயல் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் புகுந்தது. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் பொதுவான புயல் எச்சரிக்கை நிலையமாக விளங்குவது புது டில்லி நிலையம். அங்கிருந்து எச்சரிக்கை முன்னதாகவே பர்மா அதிகாரிகளுக்குச் சென்றது. அங்கு ஆண்ட ராணுவத்தார் அதைக் கழிமுகத்துக் குடியானவரின் செவிக்கு எட்டும்படி செய்யவில்லை. சுமார் 84,500 பேர் மாண்டனர். 53,800 பேரைக் காணவில்லை. பிணங்கள் வயல்களில் மிதந்துகொண்டிருக்கையில், மே 10-ந் தேதி தேசத்தின் பெரும்பகுதியில் அரசியல் சட்டத்திற்குப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதில் அந்த ஆட்சியாளர் முனைந்திருந்தனர். ஜனங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில்லாத ஆட்சியில் வானிலை அறிக்கை வெறுங் காகிதமாகிவிடும் என்பதற்கு இதைவிடக் கொடிய திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

நமது தேசத்திலே ஒடிஸ்ஸா மாகாணம் இரு பாடங்களையும் தானே கற்றது. 1999 அக்டோபர் 29-ந் தேதியின் பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் மடிந்தனர். அதன் பின்பு பேரிடர்த் தணிப்புக்கென்று ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தி, கரை நெடுகப் புகலிடங்கள் கட்டி, கிராமந்தோறும் ஆட்களைப் பழக்கினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லக்ஷம் பேர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர்; மாண்டவர்களின் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. ஒடிஸ்ஸா செல்வம் கொழிக்கும் மாகாணம் அன்று. செல்வம் வந்த பிறகே பாதுகாப்பு வரும் என்று சொல்வோரின் வாதத்தை அம்மாகாணமும் பங்களாதேசமும் பொய்யாக்கிவிட்டன.

ஆகவே எச்சரிக்கை என்பது ஒரே காரியமன்று. மூன்று காரியங்களின் தொகுதி. வருவதை அறிய வேண்டும். அறிந்ததை உரியவனுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்பட்டவன் போய்ச் சேர இடமும் வழியும் இருக்க வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

முதலில் அறிதல். வானிலை நிபுணர்கள் சோதிடம் பார்த்துச் சொல்பவரல்லர். இந்தக் கணத்தில் ஆகாயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து, அந்த நிலையிலிருந்து நாளை எப்படி மாறும் என்று பெருங் கணினிகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இன்றைய நிலை பிழையானால் நாளைய கணக்கும் பிழையே. இதற்காகத்தான் நாள்தோறும் இரண்டு வேளை, நம் கடிகாரப்படி காலை 5.30, மாலை 5.30 மணியை ஒட்டி, உலகெங்குமுள்ள பல நூறு நிலையங்களிலிருந்து பலூன்கள் மேலே அனுப்பப்படுகின்றன. அவற்றில் கட்டிய சிறு கருவி, உயரே செல்லச் செல்ல அழுத்தம், உஷ்ணம், ஈரம் ஆகியவற்றை அளந்து வானொலி மூலம் சொல்லுகிறது. செயற்கைக்கோள்களும் ராடார்களும் கப்பல்களும் விமானங்களும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஐரோப்பாவில் இத்தகைய நிலையங்கள் நெருங்கி இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலோ பரந்த பிரதேசங்கள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. அந்த வெற்றிடத்தின் கேடு அங்குள்ளவரை மட்டும் சாரவில்லை. ஆகாயத்திற்கு எல்லைச் சுவர் கிடையாது. ஒரு கண்டத்தில் அளக்காமல் விட்ட காற்று, இன்னொரு கண்டத்தின் முன்னறிவிப்பைக் கெடுக்கும். ஏழை நாட்டில் ஒரு நிலையத்தை நடத்திவைப்பது தர்மம் என்று பணக்கார நாடுகள் எண்ணுமானால், அவை தங்கள் லாபக் கணக்கையே சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உதவி வராமலில்லை. ஆனால் அது வரும் விதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. யந்திரம் வரும், திறப்பு விழா நடக்கும், படம் எடுக்கப்படும். மூன்று நான்கு வருஷத்தில் திட்டம் முடிந்ததும், உதிரி பாகத்திற்குப் பணமில்லை, மின்கலத்திற்குப் பணமில்லை, பார்த்துக்கொள்ளும் ஊழியனுக்குச் சம்பளமில்லை என்ற நிலை வரும். யந்திரம் துருப்பிடித்து நிற்கும். பிறகு வேறொரு தேசத்தார் வேறொரு மாதிரி யந்திரத்தைக் கொடுத்து மறுபடியும் விழா நடத்துவார்கள். யானையைத் தானம் செய்தவர்கள் தீனிக்கு வழி செய்யவில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான், 2021-ல் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் கூடி ஒரு நிதியை ஏற்படுத்தின. யந்திரம் கொடுத்ததற்காக அன்றி, அளவுகள் ஒழுங்காக உலகத்துக்கு வந்து சேர்வதற்காகத் தொடர்ந்து பணம் கொடுப்பது அதன் கொள்கை. இது சரியான வழி. ஆப்பிரிக்காவில் வேறொரு முயற்சியும் நடந்து வருகிறது. சிறிய, மலிவான வானிலைக் கருவிகளைப் பள்ளிக்கூடங்களில் நிறுத்தி, ஆசிரியர் மாணவர் பொறுப்பில் விடுகிறார்கள். கருவிக்குக் காவலும் ஆயிற்று. பிள்ளைகளுக்குப் பாடமும் ஆயிற்று. இதையும் நாம் பாராட்டுகிறோம்.

யந்திரம் மட்டும் போதாது. உள்ளூர் அறிவுக்கு மதிப்பும் வேண்டும். ‘சைக்ளோன்’ என்ற ஆங்கிலச் சொல்லே கல்கத்தாவில் பிறந்தது. ஹென்றி பிட்டிங்டன் என்பவர் 1848-ல் அச்சொல்லை ஆக்கினார். சுந்தரவனத்தின் ஓரத்தில் கானிங் துறைமுகம் அமைக்கப்போவதாக அறிந்ததும், அங்கே என்றேனும் புயலலை ஏறி யாவற்றையும் அழிக்கும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கு அவர் எழுதினார். கேட்பாரில்லை. துறைமுகம் கட்டப்பட்டது, 1867-ல் புயல் அதைப் பாழாக்கிற்று. பிட்டிங்டனாவது ஆளும் இனத்தவர். கியூபாத் தீவில் நடந்தது இன்னும் விசேஷம். ஹவானாவின் பெலென் கலாசாலையில் பெனிதோ வின்யெஸ் என்ற பாதிரியார் மேகங்களின் போக்கை வருஷக்கணக்காகக் கவனித்து, 1875 முதலே புயல் எச்சரிக்கை வெளியிட்டு வந்தார். அவருக்குப் பின் அவர் வழி வந்தோர் அந்த வித்தையைக் காத்தனர். 1898-ல் தீவு அமெரிக்கர் வசமாயிற்று. கியூபாக்காரருடைய எச்சரிக்கைகள் வீண் பீதியைக் கிளப்புவதாக எண்ணிய அமெரிக்க வானிலை இலாகா, 1900-ல் அவர்களுடைய வானிலைச் செய்திகள் தந்தியில் போகாதபடி தடை செய்துவிட்டது. அந்த செப்டம்பரில் ஒரு புயல் தீவைக் கடந்தது. அது டெக்ஸாஸ் பக்கம் போகும் என்று ஹவானாவில் கணித்தனர். வளைந்து பிளாரிடாப் பக்கம் போகும் என்று வாஷிங்டனில் கணித்தனர். செப்டம்பர் 8-ந் தேதி அது டெக்ஸாஸின் கால்வெஸ்டன் நகரை அழித்தது. மாண்டோர் சுமார் 8,000 பேர். அகம்பாவத்திற்கு இவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது, ஆண்டவர்களுடைய சொந்த ஜனங்களுக்கே!

இரண்டாவது அறிவித்தல். இங்கே சட்டம் பயின்றோர் நன்கறிந்த நியாயம் ஒன்று பொருந்தும். கோர்ட்டிலிருந்து சம்மன் புறப்பட்டுவிட்டது என்பதனால் மட்டும் பிரதிவாதி கட்டுப்படமாட்டான். அது அவனுக்குச் சார்வாகியிருக்க வேண்டும். புயல் எச்சரிக்கைக்கும் இதே நியாயம் உண்டு. இத்தனை மணிக்கு அறிக்கை அனுப்பினோம் என்று இலாகாக்கள் பதிவேட்டைக் காட்டுகின்றன. அனுப்பியது இருக்கட்டும், சேர்ந்ததா? சேர்ந்தாலும் விளங்கிற்றா? நூறு ரூபாய்க் கடனுக்கு அனுப்பும் சம்மனுக்கு இவ்வளவு ஜாக்கிரதை உண்டு; நூறு உயிருக்கு அனுப்பும் எச்சரிக்கைக்கு இல்லை.

நமது துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. கப்பல் மாலுமிகளுக்காக முற்காலத்தில் வகுத்த குறிகள் அவை. மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று பத்திரிகைகளில் வருகிறது. குடிசையில் இருப்பவர் அதைக் கொண்டு என்ன செய்வது? பதினோராவது குறிக்கு என்ன பொருள் தெரியுமா? புயல் எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே. நமது கரையோர ஜனங்களில் பலர் முதல் எண்ணிலிருந்தே பதினோராம் எண்ணின் நிலையில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

பரிபாஷைச் சொற்களால் வரும் கேடு இதனினும் பெரிது. 2013 நவம்பர் 8-ந் தேதி ஹையான் புயல் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கிற்று. காற்று வருவதை ஜனங்கள் அறிந்திருந்தார்கள். கடல் பொங்கி ஏறும் என்பதையும் வானிலை நிலையத்தார் முன்பே அறிவித்திருந்தனர். ஆனால் அவர்கள் வழங்கிய ஆங்கிலத் தொடர் டாக்லோபான் நகரத்தாருக்கு விளங்கவில்லை. சுனாமி போல் தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பின்னர் கூறினார்கள். 6,300 பேர் மாண்டனர். தாய்மொழியில் சொல்வதென்றால் ஆங்கில வாக்கியத்தைப் பிடித்துத் தமிழாக்குவதன்று. ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்பதோடு நில்லாமல், கூரை பறக்குமா, உங்கள் தெருவில் தண்ணீர் எம்மட்டு ஏறும், எத்தனை மணிக்குள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், மாட்டை எங்கே கட்ட வேண்டும் என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கூறுவதே தாய்மொழியில் கூறுவதாகும். செனகல் தேசத்தில் வானிலை இலாகா, கிராம வானொலி நிலையங்களுடன் சேர்ந்து, குடியானவர் பேசும் பாஷைகளிலேயே மழைச் செய்தியைச் சொல்லி வருகிறது. விதைக்கலாமா, பொறுக்கலாமா என்பதை அவர்கள் அதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். செனகலில் இயன்றது மற்ற தேசங்களில் ஏன் இயலாது?

எட்டாத இடத்தில் இருப்பவனுக்கு எந்த பாஷையில் சொல்லியும் பயனில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே மிக விரைவாகத் திரண்டது. புயல் என்று அதற்குப் பெயரிட்ட செய்தி 30-ந் தேதிதான் வந்தது. தூத்தூர், சின்னத்துறை முதலிய கரையூர்களின் மீனவரோ பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையிலிருந்து கைப்பேசி எட்டும் தூரத்துக்கு வெகு அப்பால் அவர்கள் இருந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் சிறு கருவி 2019-ல் நமது தேசத்தாராலேயே வெளியிடப்பட்டது. சாதனம் உண்டு. அது ஒவ்வொரு படகிலும் இருக்கிறதா, வேலை செய்கிறதா, அதன் விலை படகுக்காரனுக்குத் தாங்குமா என்பதே கேள்வி. சமுத்திரத்தின் மேல் உழைத்து அந்நியச் செலாவணி ஈட்டித் தருபவனுக்கு இக்கருவியை இலவசமாகக் கொடுப்பதால் எந்த கஜானாவும் காலியாகிவிடாது.

2004 டிசம்பர் 26-ந் தேதியை நமது கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். காலை 6.30 மணியளவில் சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினத்தில் அலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பசிபிக் சமுத்திரத்தில் பல வருஷங்களாகச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. ஏழைகள் வாழும் இந்து சமுத்திரத்தில் அத்தகையது ஒன்றும் இல்லை. பல தேசங்களிலுமாக இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 2007-ல் ஐதராபாதில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. நிலையம் அமைந்ததற்கு மகிழ்கிறோம். ஆனால் ஒவ்வொரு நிலையமும் பிணக்குவியலின் மேல்தான் எழ வேண்டும் என்ற நியதி ஏன்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பாமரரும் அறிந்த பழமொழி அல்லவா?

மூன்றாவது, அடைக்கலம். 2023 செப்டம்பரில் லிபியாவின் வானிலை நிலையம் மூன்று நாட்களுக்கு முன்பே பெருமழை குறித்து எச்சரித்தது. அல்பைதா என்னும் ஊரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை பெய்தது. டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் நள்ளிரவில் உடைந்து, ஆயிரக்கணக்கானோரைக் கடலில் தள்ளின. அவ்வணைகள் பழுதுற்று அபாய நிலையில் இருப்பதாக ஒரு பொறியியல் நிபுணர் 2022-லேயே எழுதியிருந்தார். இரு சர்க்கார்களாகப் பிளவுண்டு கிடந்த தேசத்தில் அணையைப் பார்ப்பவரும் இல்லை. ஜனங்களைத் தீர்மானமாக வெளியேற்றுபவரும் இல்லை. வெளியேறுங்கள் என்றும் வீட்டிலேயே இருங்கள் என்றும் முரண்பட்ட கட்டளைகள் பிறந்தன. மழையை அறிந்தார்கள், மழை என்ன செய்யும் என்பதை அறிந்தும் அறியாதவர் போலிருந்தார்கள்.

வெளியேறச் சொன்னால் மட்டும் ஏழை வெளியேறிவிடுவான் என்று எண்ணுவதும் தவறு. அவனுடைய ஆஸ்தி முழுவதும் ஒரு பசுவும் நாலு பாத்திரமுமாயிருக்கும். அதைக் காப்பவர் யார் என்று தெரியாதவரை அவன் நகரமாட்டான். 2020 ஜூலையில் பங்களாதேசத்தில் வெள்ளம் உச்சத்தை எட்டுமுன்பே, முன்னறிவிப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, ஐக்கிய நாடுகள் சபை தனது அவசர நிதியிலிருந்து 52 லக்ஷம் டாலரை விடுவித்தது. வெள்ளம் வடிந்தபின் கொடுக்கும் பணத்தைக் கொண்டு நஷ்டத்தைத்தான் எண்ணலாம். முன்பே கொடுத்தால் நஷ்டத்தைக் குறைக்கலாம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். பணம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். உலக அளவில் இதற்கென அமைந்த ஒரு குழு 2019-ல் செய்த மதிப்பீட்டின்படி, வளரும் நாடுகளில் எச்சரிக்கை ஏற்பாடுகளுக்கு 80 கோடி டாலர் செலவிட்டால், ஆண்டுதோறும் 300 கோடி முதல் 1,600 கோடி டாலர் வரை நஷ்டம் தவிரும். இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாகச் சொன்னாலே சேதத்தில் நூற்றுக்கு 30 பங்கு குறையும். பூமியிலுள்ள ஒவ்வொருவரையும் 2027-க்குள் எச்சரிக்கையின் பாதுகாப்பில் கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளர் 2022 மார்ச்சில் அறிவித்தார். உலக ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 60 பேருக்கும் அப்போது அப்பாதுகாப்பு இல்லை. ஐந்து வருஷத்துக்கு இதற்கென மதிப்பிட்ட தொகை 310 கோடி டாலர். உலகில் ஆளுக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அரை டாலர்கூட ஆகாது. இந்த அரை டாலரைக் கொடுக்க இயலாதென்று சொல்லும் உலகம், ஆயுதத்துக்குக் கணக்குப் பாராமல் செலவழிக்கும் உலகம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரித்து அது பொய்த்துவிட்டால் ஜனங்கள் மறுமுறை நம்பமாட்டார்களே என்பது இரண்டாவது ஆட்சேபம். இது அதிகாரிகளின் சொந்த பயம். ஜனங்களின் மேல் சார்த்திச் சொல்லப்படுகிறது. புயல் இப்படித்தான் போகும் என்று சத்தியம் செய்ய ஒருவராலும் இயலாது; இப்படிப் போகக்கூடும், இவ்வளவு சந்தேகம் உண்டு என்று உண்மையைச் சொன்னால், ஆற்றோடும் கடலோடும் வாழும் ஜனங்கள் அதைப் புரிந்துகொள்ளாத மூடர் அல்லர். தப்பிய பின், ஏன் தவறிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பதனால்தான் நம்பிக்கை போகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி நிலையங்களும் பலூன்களும் எதற்கு என்று கேட்போரும் உளர். பெருங் கணினி இல்லாத ஏழை நாடும் சிறு செலவில் முன்னறிவிப்புச் செய்ய இவ்வித்தை உதவும் என்பது மெய்யே. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த யந்திரமும் பழைய அளவுகளைப் படித்தே பாடம் கற்றது. இன்றைய அளவைக் கொடுத்தால்தான் நாளையைச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டவனுக்கு மூளை எவ்வளவு கூர்மையாயிருந்தும் என்ன பயன்?

ஆதலின் நாம் கோருவது இவை. வானிலை நிலையங்களின் நித்தியச் செலவும் ஊழியர் சம்பளமும் தேசத்தின் வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இடம் பெற வேண்டும்; வெளியுதவி தருவோர், யந்திரத்தோடு பத்து வருஷப் பராமரிப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். அளவுகளையும் முன்னறிவிப்புகளையும் தேசங்கள் ஒன்றுக்கொன்று விலையின்றிப் பகிர வேண்டும். எச்சரிக்கை, ஜனங்கள் பேசும் பாஷையில், ஊர்ப்பெயரோடும் செய்ய வேண்டிய காரியத்தோடும் வர வேண்டும். ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகுக்கும் கருவி இலவசமாகக் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் பகிரங்க விசாரணை நடக்க வேண்டும். எத்தனை மணிக்கு அறிந்தார்கள், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், கடைசி வீட்டுக்கு எத்தனை மணிக்குச் சேர்ந்தது, சேரவில்லையென்றால் யாரிடத்தில் நின்றது என்பவற்றை அவ்விசாரணை எழுதி வெளியிட வேண்டும். இதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். ரயில் தடம் புரண்டால் விசாரணை உண்டு. விமானம் விழுந்தால் விசாரணை உண்டு. எச்சரிக்கை வராமல் செத்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

இக்கோரிக்கையை நிறைவேற்றுவது சர்க்காரின் பொறுப்பு. நிறைவேற்றச் செய்வது ஜனங்களின் பொறுப்பு. நிவாரணத்துக்காக மந்திரிகளைச் சூழ்ந்துகொள்ளும் நாம், மழைக்காலம் தொடங்குமுன்பே, எங்கள் ஊருக்கு எச்சரிக்கை எந்த வழியில் வரும், எங்கள் புகலிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும். போலாத் தீவின் குடியானவன் 1970-ல் கேட்க முடியாத கேள்வியை அவன் பேரன் இன்று கேட்கிறான், கேட்பதனால் பிழைக்கிறான். புயலின் வேகத்தை நாம் குறைக்க இயலாது. செய்தியின் வேகத்தைக் கூட்ட நம்மால் இயலும். இயன்றதைச் செய்யாதவர்கள், இயலாததைக் காட்டி இனித் தப்ப விடக்கூடாது.